பதில் பேசாத படம்

கொட்டகையில் ஓடிய சித்திரப் படம் சின்னஞ்சிறு குழந்தையின் கைக்கு வந்து சேர்ந்த கதை

மாலை வேளை. ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு ஷிப்டு முடித்த கூட்டம் இறங்குகிறது. அடுத்த ஷிப்டுக்கு ஒரு கூட்டம் ஏறுகிறது. எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. பலர் கையில் சாப்பாட்டுப் பை. டீக்கடை வாசலில் தமிழ் கேட்கிறது, இந்தி கேட்கிறது, ஒடியாவும் கேட்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமாநுஜர் அவதரித்த தலம் என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். இப்பொழுது அந்த ஊரின் பெயர் உலகச் சந்தையில் அடிபடுகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. 2006-ல் நோக்கியா இங்கே செல்போன் செய்ய ஆரம்பித்து, 2014-ல் ஆலையை மூடியது. 2007-ல் சாம்சங் வந்தது. டெலிவிஷன் பெட்டிகள் செய்தது. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐபோன்கள் புறப்படுகின்றன. உலகம் கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருக்கும் கண்ணாடித் திரைகளில் ஒரு பங்கு, ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பூமியிலே பூட்டப்படுகிறது.

பகலெல்லாம் திரைகளைப் பூட்டிய தொழிலாளி வீடு திரும்பினால், அங்கும் ஒரு திரை காத்திருக்கிறது.

ஒற்றை அறை வீடுகளின் வரிசை. உள்ளே அடுப்பில் சாதம் கொதிக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை பாயில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எதிரே சொம்பில் சாய்த்து வைத்த செல்போன். அதில் ஒரு யானைக் குட்டி பாடுகிறது, ஒரு முயல் குதிக்கிறது. குழந்தை வாயைத் திறக்கிறது. தாய் சோற்றை வைக்கிறாள். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய பாட்டி திருவண்ணாமலைப் பக்கத்திலோ, ஒடிசாவிலோ இருக்கிறாள். அந்தத் தாயைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தச் சித்திரம் குழந்தைக்கு என்ன செய்கிறது? பேசக் கற்றுக் கொடுக்கிறதா, அல்லது வீட்டில் நடக்க வேண்டிய பேச்சை விழுங்கி விடுகிறதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சித்திரப் படம் வீட்டுக்குள் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஏழு வருஷம் காத்திருந்த பிள்ளைகள்

சித்திரப் படம் என்பது கண்ணை ஏமாற்றும் வித்தை. சினிமாவில் வினாடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. ஒரு மணி நேரப் படம் என்றால் 86,400 கட்டங்கள். ஒரே சித்திரத்தை இரண்டு கட்டங்களுக்கு வைத்துக் கொண்டாலும் நாற்பதாயிரத்துக்கு மேல் வரைந்தாக வேண்டும். எத்தனை கை, எத்தனை தூரிகை, எத்தனை இரவு! 1937 டிசம்பரில் வால்ட் டிஸ்னி “ஸ்னோ ஒயிட்” என்ற முழு நீளச் சித்திரப் படத்தை வெளியிட்டபோது உலகமே வியந்தது என்றால், அதற்குக் காரணம் இந்த உழைப்புத்தான்.

அந்தக் காலத்தில் இத்தகைய படத்தைக் குழந்தை பார்க்க வேண்டுமானால் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். டிஸ்னி கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. தன் பழைய படங்களைச் சுமார் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை கொட்டகைகளில் மறுபடியும் திரையிட்டது. ஏழு வருஷத்தில் பழைய குழந்தைகள் வளர்ந்து விடுவார்கள். புதிய குழந்தைகள் வந்து விடுவார்கள். பிடித்த படத்தை இன்னொரு முறை பார்க்க விரும்பிய பிள்ளை மீசை முளைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நம் நாட்டிலும் இந்தக் கலை தழைத்தது. டிஸ்னியிடம் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய் வந்து, பிலிம்ஸ் டிவிஷன் ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1957-ல் ஜாதகக் கதை ஒன்றிலிருந்து மான் கதை சித்திரப் படமாக வந்தது. பிலிம்ஸ் டிவிஷன் படங்களைப் பெரிய படத்துக்கு முன்னால் கொட்டகையில் காட்டுவார்கள். முறுக்கு வாங்கப் போனவன் திரும்பி வருவதற்குள் முடிந்து விடும்.

“டெக்” வாடகைக்கு

சென்னையில் டெலிவிஷன் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. அடுத்த வருஷம் ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். என்ற வீடியோ கேசட் முறையைக் கொண்டு வந்தது. படத்தை நாடாவில் அடைத்து அலமாரியில் வைத்துக் கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

தமிழ்நாட்டில் எண்பதுகளில் இந்த யந்திரத்துக்கு “டெக்” என்று பெயர். சொந்தமாக வாங்கியவர் சிலர். வாடகைக்கு எடுத்தவர் பலர். கல்யாண வீடு, காதணி விழா, பொங்கல் என்றால் டெக்கும் கலர் டி.வி.யும் மூன்று கேசட்டும் வந்து இறங்கும். தெருவே திண்ணையில் கூடும். விடிய விடியப் படம் ஓடும். குழந்தைகள் முதல் படத்தின் நடுவிலேயே தூங்கி விடுவார்கள். குழந்தைப் படத்துக்கென்று டெக் எடுத்தவரைக் காண்பது அரிது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வியாபாரிகள் ஓர் உண்மையைக் கண்டு கொண்டார்கள். பெரியவர் ஒரு படத்தை ஒரு தரம் பார்த்தால் போதும் என்பார். ஆகவே வாடகைக்கு எடுப்பார். குழந்தையோ ஒரே படத்தை ஐம்பது தரம் பார்க்கும்; ஆகவே தகப்பனார் விலைக்கே வாங்கி விடுவார்! 1994-ல் டிஸ்னி “ரிட்டர்ன் ஆஃப் ஜாபர்” என்ற சித்திரப் படத்தைக் கொட்டகைக்கே அனுப்பாமல் நேரே கேசட்டாக விற்றது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விலை போயின. பாலர் படத்துக்கு இனிக் கொட்டகை வேண்டாம், வீட்டுக் கூடமே போதும் என்று ஆயிற்று.

28 ரூபாய்ப் படம்

நம் ஊரில் கேசட் போய் சி.டி. வந்த பிறகுதான் குழந்தைப் படம் ஏழை வீட்டுக்கு எட்டியது. ஆரம்பத்தில் அசல் தட்டின் விலை எட்டாக் கனி; ஆகவே திருட்டுத் தட்டுகளே தெருவெங்கும் விற்றன.

நொய்டாவைச் சேர்ந்த மோசர் பேயர் என்ற கம்பெனி வெறும் தட்டு செய்து உலகுக்கு விற்றுக் கொண்டிருந்தது. அது 2007-ல் துணிந்து ஒரு காரியம் செய்தது. படம் அடங்கிய வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலை வைத்தது. மளிகைக் கடையில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பக்கத்தில் படம் தொங்கியது.

அதே சமயத்தில்தான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை நடத்தியது. 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் பெட்டிகள் போயின. பெட்டி இலவசம், தட்டு 28 ரூபாய். ஓலைக் கூரைக்கு அடியிலும் முயல் குதித்தது, யானை பாடியது.

அந்தத் தட்டுகளின் ஆயுள் குறைவு. செல்போன் வந்தது, தட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடனில் மூழ்கிய மோசர் பேயரைக் கலைத்து விடும்படி 2018-ல் உத்தரவாயிற்று.

தட்டு போனதில் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். ஒன்று உண்டு. தட்டுக்கு முடிவு இருந்தது. படம் முடிந்தால் திரை நீலமாகி நின்று விடும். குழந்தை எழுந்து விளையாடப் போகும். செல்போனிலோ ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகவே தொடங்குகிறது. அதை நிறுத்தி வைக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால், அதைத் தேடிப் பிடித்து அமுக்கியவர்கள் எத்தனை பேர்?

தமிழ் பேசிய டோரா

சித்திரம் செய்வதில் சென்னைக்கும் பங்கு உண்டு. பென்டாமீடியா என்ற சென்னைக் கம்பெனி 2000-ல் பாண்டவர் கதையைக் கம்ப்யூட்டர் சித்திரமாக எடுத்தது. அந்த வருஷத்தின் சிறந்த ஆங்கிலப் படம் என்று தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஆம், சென்னையில் பிறந்த பாண்டவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்! 2007-ல் இளையராஜா இசையில் “இனிமே நாங்கதான்” என்ற முழு நீளக் கம்ப்யூட்டர் சித்திரம் தமிழில் வந்தது. 1996-ல் சென்னையில் தொடங்கிய “கரடி டேல்ஸ்” வேறு வழியில் போனது. படப் புத்தகம் ஒன்று, கூடவே கதை சொல்லும் ஒலிநாடா ஒன்று. குழந்தை காதால் கேட்டுக் கொண்டே கண்ணால் ஏட்டைப் பார்க்கும்.

ஆனால், தமிழ்க் குழந்தைகளைப் பெருங்கூட்டமாக இழுத்தவள் ஒரு வெளிநாட்டுச் சிறுமி. 2007 ஏப்ரல் 29-ல் சன் குழுமம் “சுட்டி டி.வி.”யைத் தொடங்கியது. நாள் முழுவதும் தமிழில், குழந்தைகளுக்கென்றே ஓர் ஒளிபரப்பு. அதில்தான் டோராவும் அவளுடைய குரங்குத் தோழன் புஜ்ஜியும் வந்தார்கள். அதுவரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் கார்ட்டூன் பார்த்துப் பொருள் புரியாமல் சிரித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இப்பொழுது குள்ளநரி வந்தால் தமிழிலேயே கூச்சல் போட்டார்கள். அமெரிக்காவில் ஆங்கிலம் பேசி ஸ்பானிஷ் கற்றுக் கொடுத்த டோரா, இங்கே தமிழ் பேசி ஆங்கிலம் கற்றுக் கொடுத்தாள்.

டோராவிடம் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. கேள்வி கேட்டு விட்டுச் சும்மா நின்று விடுவாள். கண்ணைச் சிமிட்டிக் கொண்டு காத்திருப்பாள். பெரியவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும். குழந்தைக்கு அதுதான் பதில் சொல்லும் நேரம்.

இந்த யுக்தி தற்செயலாக வந்ததன்று. டோராவுக்கு முன்னால் 1996-ல் அதே நிக்கலோடியன் ஒளிபரப்பில் “புளூஸ் க்ளூஸ்” என்ற நாய்க்குட்டி நிகழ்ச்சி வந்தது. அதில் ஒரே கதையைத் தொடர்ந்து ஐந்து நாள் காட்டினார்கள். குழந்தைகளுக்குச் சலித்து விடும் என்றுதானே நாம் நினைப்போம்? ஆராய்ந்து பார்த்தபோது நேர் மாறாக இருந்தது. நாள் ஆக ஆகக் குழந்தைகள் கதையை நன்றாகப் புரிந்து கொண்டார்கள். அதிகமாகப் பதிலும் சொன்னார்கள். ஒரே படத்தை மறுபடி மறுபடி போடச் சொல்லி அடம் பிடிக்கும் குழந்தை அசடு அல்ல. முதல் தரம் புரியாததை ஐந்தாம் தரம் புரிந்து கொள்கிறது. பாட்டியிடம் அதே காக்கைக் கதையைத் தினமும் கேட்ட பிள்ளையும் அதைத்தானே செய்தது?

ஐன்ஸ்டீன் ஆக்க வந்த படம்

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையான வியாபாரக் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஜூலி அய்க்னர் கிளார்க் என்ற முன்னாள் ஆசிரியை, தம் வீட்டின் நிலவறையில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு வீடியோ எடுத்தார். பொம்மைகள், வண்ணங்கள், மெல்லிய சங்கீதம். அதற்கு “பேபி ஐன்ஸ்டீன்” என்று பெயர் வைத்தார். பெயரே பாதி வியாபாரத்தைச் செய்து விட்டது. தன் பிள்ளை ஐன்ஸ்டீன் ஆக வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? வீடு வீடாக அந்த வீடியோ புகுந்தது. 2001-ல் டிஸ்னி கம்பெனியே அதை விலைக்கு வாங்கிக் கொண்டது.

2007-ல் வாஷிங்டன் பல்கலைக் கழக அறிஞர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். 8 முதல் 16 மாதக் குழந்தைகளில், இத்தகைய வீடியோவைத் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களை விட ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவாக அறிந்திருந்தார்கள் என்றார்கள். கம்பெனி ஆத்திரப்பட்டது, அறிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னது. பல்கலைக் கழகம் மறுத்தது. 2014-ல் அதே கணக்குகளை மறுபடி ஆராய்ந்த வேறு இருவர், தீமை அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். சரி, தீமை ஒருபுறம் இருக்கட்டும், நன்மையாவது உண்டா?

அதற்கு விடை 2010-ல் வந்திருந்தது. ஜூடி டிலோச் என்ற பெண் அறிஞரும் அவருடைய தோழர்களும் 12 முதல் 18 மாதக் குழந்தைகளைப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். சிலருக்குச் சொல் கற்பிக்கும் பிரபல டி.வி.டி.யை நான்கு வாரம் வீட்டில் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ஒன்றும் காட்டவில்லை. இன்னும் சிலருடைய பெற்றோரிடம் அந்த டி.வி.டி.யில் உள்ள சொற்களின் பட்டியலை மட்டும் கொடுத்து, “வீட்டு வேலையோடு வேலையாக இவற்றைக் குழந்தையிடம் சொல்லிக் கொண்டிருங்கள்” என்றார்கள்.

முடிவு என்ன? டி.வி.டி. பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளை விட ஒரு சொல்கூட அதிகமாகக் கற்கவில்லை. முதலிடம் பெற்றவர்கள், அம்மா அப்பா வாயால் கேட்ட குழந்தைகள்! இன்னொரு வேடிக்கை: எந்தப் பெற்றோருக்கு அந்த டி.வி.டி. மிகவும் பிடித்திருந்ததோ, அவர்களே “என் பிள்ளை நிறையக் கற்றுக் கொண்டது” என்று நம்பினார்கள். கற்றதாகத் தோன்றியது பெற்றோருக்குத்தான்.

2009-ல் டிஸ்னி கம்பெனி, வேண்டாதவர்கள் அந்தத் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று அறிவித்தது. ஐன்ஸ்டீன் அலமாரியை விட்டு இறங்கினார்.

சீன மொழி கேட்ட குழந்தைகள்

கைக்குழந்தை படத்தைப் பார்த்து ஏன் கற்பதில்லை? கண் பார்க்கிறது, காது கேட்கிறது, குறை எங்கே?

பட்ரிஷியா கூல் என்ற அறிஞர் 2003-ல் வெளியிட்ட சோதனை இதற்கு வெளிச்சம் காட்டுகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் 12 தடவை வந்து கதை படித்தார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக் கொண்டன. வேறொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டெலிவிஷனில். அந்தக் குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை.

நேரில் வந்தவரிடம் இருந்ததும் திரையில் இல்லாததும் எது? குழந்தை “ங்கா” என்றால் நேரில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், சிரிப்பார், தாமும் ஏதாவது சொல்வார். குழந்தை கைகாட்டிய பொருளைத் தாமும் பார்ப்பார். படம் அப்படிச் செய்யாது. குழந்தை அழுதாலும் முயல் குதித்துக் கொண்டேதான் இருக்கும். டோரா காத்திருக்கிறாள், உண்மைதான். ஆனால் குழந்தை தப்பான பதில் சொன்னாலும் “சபாஷ்” என்றுதான் சொல்வாள்.

திரையின் மேல் மட்டும் பழி போட்டு விடவும் முடியாது. 2014-ல் வெளிவந்த ஒரு சோதனையில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய சொற்களைக் கற்பித்தார்கள். சிலருக்கு நேரில், சிலருக்கு வீடியோ காலில், சிலருக்குப் பதிவு செய்த வீடியோவில். பதிவுப் படம் பார்த்தவர்கள் கற்கவில்லை. வீடியோ காலில் கேட்டவர்களோ நேரில் கேட்டவர்களைப் போலவே கற்றுக் கொண்டார்கள். கண்ணாடி அதே கண்ணாடிதான். மறுபக்கத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிலாளிக்கு இதைவிட நல்ல செய்தி வேறு உண்டா? பிள்ளையை ஊரில் விட்டு வந்த தகப்பன், இடைவேளையில் பத்து நிமிஷம் முகம் பார்த்துப் பேசினால், அது வெறும் பாசம் மட்டும் அல்ல, பாடமும் ஆகிறது. “இது என்ன பாப்பா? காக்காவா? காக்கா எப்படிக் கத்தும்?” என்று கேட்டு, அது கத்திக் காட்டும் வரை காத்திருந்தால் போதும்.

எல்லாப் படமும் ஒரே படம் அல்ல

இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நிலைமை கொஞ்சம் மாறுகிறது. அப்பொழுது படத்தின் குணமும் கணக்கில் வருகிறது. குழந்தைகளின் டெலிவிஷன் பழக்கத்தையும் பேச்சு வளர்ச்சியையும் பல மாத காலம் கவனித்து, 2005-ல் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டோராவையும் புளூஸ் க்ளூஸையும் பார்த்த பிள்ளைகளுக்குச் சொற்கள் கூடுதலாக இருந்தன. மழலையே பேசும் “டெலிடப்பீஸ்” பார்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தன. கதை, தெளிவான பேச்சு, குழந்தையை நோக்கிக் கேள்வி, பதிலுக்கு இடைவெளி ஆகியவை உள்ள படம் ஒரு ஜாதி. சத்தமும் ஓட்டமும் மட்டுமே உள்ள படம் வேறு ஜாதி.

வேகத்தைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. 2011-ல் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று கூட்டமாக்கினார்கள். ஒரு கூட்டம் மின்னல் வேகத்தில் காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பதே நிமிஷம் பார்த்தது. இன்னொன்று நிதானமான சித்திரத்தைப் பார்த்தது. மூன்றாவது கூட்டம் காகிதத்தில் கிறுக்கிக் கொண்டிருந்தது. பிறகு பொறுமைக்கும் கவனத்துக்கும் பரீட்சை வைத்தார்கள். வேகப் படம் பார்த்தவர்களே பின்தங்கினார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு எளிமையானது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு வயது வரையிலும் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2021-ல் ஏறக்குறைய இதையே சொன்னது. சொந்தக்காரர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் அது விலக்கு அளித்தது.

ஷிப்டு வீட்டுக்கு என்ன வழி?

கணக்கு எளிது; கடைப்பிடிப்பது கஷ்டம். கணவன் இரவு ஷிப்டு, மனைவி பகல் ஷிப்டு. இரவு கண் விழித்தவன் பகலில் தூங்கியாக வேண்டும். தூங்குகிறவனுக்குப் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை. செல்போனைக் கையில் கொடுக்காமல் அவன் என்ன செய்வான்? வைத்தியர் சொல்வதைக் கேட்க அந்த வீட்டில் இன்னும் இரண்டு கை வேண்டும்.

தாய் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பக வசதி வேண்டும் என்றது. தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெரிய விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. இன்று விடுதியில் தங்கும் பெண்ணே நாளை தாயாவாள். அப்பொழுது அவளுக்குப் படுக்கை மட்டும் போதாது. பிள்ளையை ஒப்படைக்க ஒரு மடியும் வேண்டும். கிராமத்து அங்கன்வாடி பகலில் நடக்கிறது. ஆலையோ இரவிலும் நடக்கிறது. இந்த இடைவெளியைத்தான் இன்று செல்போன் நிரப்பிக் கொண்டிருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அது நடக்கும் வரை வீட்டில் செய்யக் கூடியவை சில உண்டு, காசு செலவில்லாதவை.

கைக்குழந்தைக்குப் படம் வேண்டாம், பேச்சுப் போதும். வெங்காயம் உரிக்கும்போது “வெங்காயம்” என்று சொன்னாலே அது பாடம். இரண்டு வயதுக்கு மேலான பிள்ளைக்குப் படம் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், வீட்டில் பேசும் மொழியில், நிதானமாக ஓடும் ஒரு படத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துக் கொள்ளலாம். ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானாக வராதபடி அந்தப் பொத்தானை அமுக்கி வைக்கலாம். அதே படத்தை நாலு நாள் கேட்டால் நாலு நாளும் காட்டலாம், தப்பில்லை. சோறூட்டும் நேரத்தில் மட்டும் செல்போனைப் பரண் மேல் வைத்து விடலாம். முதல் மூன்று நாள் வீட்டில் ரகளை நடக்கும்; பிறகு அடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கலாம். “யானைக் குட்டி எங்கே போச்சு?” என்று கேட்டால் பிள்ளை கையை நீட்டும், மழலையில் ஏதோ சொல்லும். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். செல்போனால் முடியாத வேலை அது ஒன்றுதான். களைத்து வந்த தகப்பனாலும் முடிகிற வேலை அது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் இன்று மாலையும் பஸ்கள் வந்து நிற்கும். இறங்கி நடந்து போகிறவரின் காலடிச் சத்தம் கேட்டதும், பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தை படத்தை விட்டுத் தலையைத் திருப்பும். அந்த நேரத்தில் அதோடு ஐந்து நிமிஷம் பேசி விட்டு, அப்புறம் கை கால் கழுவிக் கொள்ளலாம்.